கறுத்துப்போன நூற்று நாற்பத்தொரு ரசீதுகள்

கிள்ளானில் கூடாரமும் நாற்காலியும் வாடகைக்கு விடும் என் மாமா சபாபதி அவர்களுக்கு, பிரிக்பீல்ட்ஸ் வாடகை அறையிலிருந்து உங்கள் அக்காள் மகள் வாணி பணிவோடு எழுதிக்கொள்வது. நான் நலம். உங்கள் முட்டிவலியும் லோரியின் கியர்பாக்ஸும் தேறியிருக்கும் என்று நம்புகிறேன். போனில் சொல்லாமல் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் நான் "மாமா" என்று முடிப்பதற்குள் நீங்கள் "வாணி, இந்தப் பில்லக் கொஞ்சம் பாரு" என்று ஆரம்பித்துவிடுவீர்கள். அதற்குப் பிறகு எனக்கு "ம்" மட்டும்தான் வரும். கடிதத்தில் உங்களால் குறுக்கே பேச முடியாது.

விஷயம் இதுதான். அடுத்த ஆண்டிலிருந்து உங்கள் வரிக் கணக்கை நான் பார்க்கப்போவதில்லை. ஒரு டெக்ஸ் ஏஜென்ட்டிடம் கொடுத்துவிடுங்கள்.

வீட்டுச் செலவையும் கடைச் செலவையும் தனித்தனியாகப் பிரித்து வையுங்கள் என்று சென்ற ஆண்டு சொன்னேன். பிரித்தீர்கள். அத்தை வாங்கியதெல்லாம் வீட்டுப் பையில், நீங்கள் வாங்கியதெல்லாம் கடைப் பையில். அதனால் கூடாரத்துக்கு அத்தை வாங்கிய கயிறு வீட்டுச் செலவாயிற்று, நீங்கள் தின்ற டுரியான் கடையின் மூலப்பொருளாயிற்று. அதைச் சரிசெய்து முடித்து, ரசீதுகளை ஏழு வருஷம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும், வரி ஆபீஸில் எப்போது வேண்டுமானாலும் கேட்பார்கள் என்று நான் ஒரு வாக்கியம் சொன்னதுதான் தப்பு. இந்த ஆண்டு நீங்கள் சிரித்த முகத்தோடு ஒரு பெட்டியைத் தந்தீர்கள். உள்ளே நூற்று நாற்பத்தொரு ரசீதுகள், ஒவ்வொன்றும் லாமினேட் செய்து, ஓரம் வெட்டி, மூலையில் ஓட்டை போட்டு. அந்தத் தாள் சூடு பட்டால் கறுக்கிற ஜாதி, மாமா. நூற்று நாற்பத்தொன்றும் கன்னங்கரேலென்று இருந்தன.

"ஏழு வருஷம்னு நீதானேம்மா சொன்ன? ஒன்னோட டிகிரி சர்டிபிகேட்டையே நான்தானே லாமினேட் போட்டேன், அது கறுத்துச்சா?"

"அது வேற தாள், மாமா."

"தாள்ல என்னம்மா வேற? கடைக்காரன் மெஷின் சரியில்ல லா. வேற கடையில போட்டுப் பாக்கவா?"

பெட்டியில் படிக்க முடிந்தது, அவற்றுக்கு அடியில் தனியாகக் கிடந்த ஒரே ஒரு பில். லாமினேட் கடைக்காரர் கையால் எழுதித் தந்தது. அதை எழுதுபொருள் செலவில் சேர்த்திருக்கிறேன்.

கறுத்தவற்றுக்கு நகல் வாங்க நான்தான் அலைந்தேன். மூன்று சனிக்கிழமைகள் ரயிலிலும் பஸ்ஸிலும் கிள்ளான், தெலுக் பங்லிமா காராங், ஜெஞ்சாரோம் என்று ஊர் ஊராக. இரும்புச் சாமான் கடை குரு அண்ணன் என் கையிலிருந்த பைலைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"மிஸ், இன்கம் டெக்ஸா?"

"இல்லண்ணே. கூடாரக் கடை சபாபதியோட அக்கா மக."

"அட, அந்த டிகிரி புள்ளயா! உக்காரும்மா. கல்யாணம் ஆச்சா?"

ரசீது நகல் மட்டும் போதும் என்றேன். அவர் குடிக்க ஐஸ் மைலோவும் வாங்கித் தந்தார். ஒரு மணி நேரம் அவரே பேசினார், நான் தலையாட்டினேன். அந்த மாதத்தில் ஒருவரோடு அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தது அன்றுதான். நான் கணக்கெழுதும் ஆபீஸில் எல்லாரும் கூட்டமாகச் சாப்பிடப் போவார்கள். "வாணி வர மாட்டா" என்று அவர்களே முடிவு செய்துவிட்டார்கள். நானும் மறுத்துச் சொல்லவில்லை.

நம் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். அதனால் எல்லாருக்கும் என் நம்பர் தெரியும். இந்த ஆண்டு நீங்கள் என்னை நாற்பது முறை அழைத்தீர்கள். எண்ணிப் பார்ப்பது என் தொழில் வியாதி. முப்பத்தொன்பது பில் பற்றியது. மீதி ஒன்று, மாலை கட்டும் வாணியக்காவுக்குப் போக வேண்டியது, தவறி எனக்கு வந்தது. அந்த அழைப்பில்தான் "சாப்டியாம்மா?" என்று கேட்டீர்கள். "இன்னும் இல்ல மாமா" என்றேன். "ஓ, நீயா? சரி, வெச்சிர்றேன்" என்றீர்கள். மற்றபடி என் போனில் வருவது நீங்கள் அனுப்பும் ரசீதுப் படங்கள்தான். ஒரு வார்த்தையும் இருக்காது. சில படங்களின் ஓரத்தில் உங்கள் கட்டைவிரல் மட்டும் தெரியும். அதையும் நான் அழிப்பதில்லை.

ஆகவே ஏஜென்ட்டிடம் போவதுதான் முறை. அவர் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்வார், வருத்தப்பட மாட்டார். இந்த ஆண்டுக் கணக்கை முடித்துவிட்டேன். ஜூன் கடைசிக்குள் அனுப்பியும் விடுவேன், கவலை வேண்டாம். அத்தைக்கு என் அன்பு. கூடாரங்கள் காற்றுக்குப் பறக்காமல் இருக்கவும், உங்கள் முட்டி மடங்கி நிமிரவும் வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாணி

பி.கு.: உறையில் போடும் முன் திரும்பப் படித்தேன். ஏஜென்ட்டின் பெயரையோ நம்பரையோ நான் எங்குமே எழுதவில்லை. மேசைமேல் அவருடைய கார்டு இருக்கிறது. பார்த்துக்கொண்டே இருக்கிறேன், எழுதக் கை வரவில்லை. நீங்களாக யாரையும் தேடிப் பிடிக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன். இந்த வாரம் பில் எதுவும் இல்லாவிட்டாலும் வரலாம்தானே, மாமா?