நான்கு பாட்டில், பன்னிரண்டு ரீடிங்

அன்றைக்கு எனக்கு இருந்தது ஒரே வேலை. நான்கு பாட்டில் பீரை ருசி பார்த்து, மாலை ஐந்து மணிக்குள் ரிப்போர்ட் எழுத வேண்டும்.

அதற்கு முன்னால் நான் பீர் குடித்தது கிடையாது. கோலி சோடாவே மூக்கில் ஏறும் என்று பாதியில் வைத்துவிடுகிற ஆள்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ராஜபாளையத்தில் ஒரு மில்லில், பஞ்சு சோதிக்கிற லேபில் நான் டிரெய்னி. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன். எங்கள் வீட்டில் முதன்முதலில் பட்டம் வாங்கியவன் நான்தான். அப்பா ஜின்னிங் பேக்டரியில் பொதி தூக்கினார். என்னுடைய ஆறு மாத டிரெய்னிங் அந்த வாரத்தோடு முடிகிறது. வேலை நிரந்தரமா, இல்லை வீட்டைப் பார்க்கப் போக வேண்டியதா என்பது மேனேஜர் போடும் ஒரு கையெழுத்தில் இருந்தது. அந்த யோசனையில் எனக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை.

எங்கள் நெசவுப் பிரிவுக்குப் பெல்ஜியத்திலிருந்து மூன்று தறிகள் வந்திருந்தன. அவற்றைப் பொருத்த லூக் என்று ஒரு வெள்ளைக்காரரும் வந்திருந்தார். அவருடைய அண்ணன் ஊரில் பீர் காய்ச்சுகிறவராம். சாதாரண பீர் இல்லை. ஒரு கசப்புப் பூவை அள்ளிப் போட்டுக் காய்ச்சி, ஒயின் இருந்த பழைய மரப் பீப்பாயில் ஒரு வருஷம் ஊறப்போட்டு எடுக்கிற கடும் சரக்கு. வகைக்கு ஒன்றாக நான்கு பாட்டில்களை லூக் தன் டூல்ஸ் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார். பீரே குடித்திராத ஒரு நாக்கு இதைப் பற்றி என்ன சொல்லும் என்று அண்ணனுக்குத் தெரிய வேண்டுமாம்.

முதலில் மேனேஜரைத்தான் கேட்டிருக்கிறார். மேனேஜர் காபி கூடக் குடிக்காதவர். ஆனால் லூக் மனம் கோணினால் மூன்றாவது தறி ஓடாது. அதனால், எங்கள் லேப் எந்தச் சாம்பிளுக்கும் சரியான ரிப்போர்ட் கொடுக்கும் என்று பெருமையாகச் சொல்லி, பாட்டில்களை என் மேசைக்கு அனுப்பிவிட்டார்.

"தம்பி, நீங்க நிதானமான ஆளு. பாத்து எழுதுங்க. அது முடியட்டும், உங்க ஆர்டர்ல கையெழுத்துப் போட்டுருவோம்," என்றார்.

லேபில் என்னோடு வேலை பார்த்தது ஞானம்மாக்கா, எனக்கு முன்பே பர்மனென்ட் ஆன ஆள். பஞ்சைக் கையில் எடுத்தவுடனே அது எந்த ஊர்ப் பஞ்சு என்று சொல்லிவிடும். அக்காவின் யோசனை எளிமையானது. நாலையும் தொட்டியில் ஊற்றிவிட்டு, 'மிக நன்று' என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

என்னால் முடியவில்லை. சோதிக்காமல் ரிப்போர்ட் எழுதினால் எனக்குத் தூக்கம் வராது.

சரி, செய்வதை முறையாகச் செய்வோம் என்று ஆரம்பித்தேன். வினை அங்கேதான் பிடித்தது.

லூக் பாட்டில்களை ஐஸ் நிரப்பிய வாளியில் அனுப்பியிருந்தார். எங்கள் லேபில் ஒரு சட்டம் உண்டு. எந்தச் சாம்பிளாக இருந்தாலும், அறையின் இருபத்தேழு டிகிரிக்கு வந்த பிறகுதான் தொட வேண்டும். ஆகவே நாலு பாட்டிலையும் ஐஸிலிருந்து எடுத்துத் துடைத்து, பஞ்சுத் தட்டுகளுக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று நம்பரும் ஒட்டினேன்.

மத்தியானம் உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு பாட்டிலின் அடியிலும் வண்டல்.

அதற்கும் சட்டம் இருந்தது. பொதியின் மேலே இருக்கிற பஞ்சை மட்டும் எடுத்துச் சோதிக்கக் கூடாது. மேலும் கீழும் கலந்து எடுக்க வேண்டும். அதனால் ஒவ்வொரு பாட்டிலையும் தலைகீழாகப் பிடித்து ஐம்பது தடவை குலுக்கினேன். எண்ணித்தான் குலுக்கினேன்.

"என்ன தம்பி, புள்ளைக்கு மருந்து குலுக்குத மாதிரி இந்தக் குலுக்கு குலுக்குதிய?" என்று அக்கா கேட்டது.

வண்டல் கலந்தால்தான் சாம்பிள் சரியாக இருக்கும் என்று விளக்கினேன். படித்த பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அக்காவும் நம்பிவிட்டது. படிப்பு செய்கிற கெடுதல்களில் இதுவும் ஒன்று.

மூன்று மணிக்கு மேனேஜர் லூக்கை அழைத்துக்கொண்டு வந்தார். லேபின் ஒழுங்கை அவருக்குக் காட்ட வேண்டும் என்று ஆசை. மேனேஜர் தன் வெள்ளைச் சட்டையோடு என் மேசைக்குப் பக்கத்திலேயே வந்து நின்றுகொண்டார். நான் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், ஐஸை எடுத்துவிட்டதையும் ஐம்பது தடவை குலுக்கியதையும் லூக்கிடம் சொன்னேன்.

லூக் மெதுவாகப் பின்பக்கமாகவே நடந்து கதவுக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். தலை மட்டும் தெரிந்தது. வெள்ளைக்காரர்களுக்குத்தான் எத்தனை அடக்கம் என்று நினைத்துக்கொண்டே கார்க்கைக் கட்டியிருந்த கம்பியை அவிழ்த்தேன்.

கார்க் போய் டியூப் லைட்டில் அடித்தது. அதன் பின்னாலேயே நுரை வந்தது. பாதி கூரைக்குப் போயிற்று, மீதி மேனேஜருக்கு. நெற்றியிலிருந்து விபூதி கரைந்து மூக்கு வழியாக இறங்க, வீட்டில் பேசுகிற தெலுங்கில் "ஏமிரா இதி" என்று முனகினார். அவர் தெலுங்குக்கு மாறினால் விஷயம் பெரிது என்று மில்லில் எல்லோருக்கும் தெரியும்.

கதவுக்குப் பின்னால் லூக் தரையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். அவர் சிரித்ததால் மேனேஜரும் சிரிக்க வேண்டியதாயிற்று. ஐந்து மணிக்கு ரிப்போர்ட் இருக்க வேண்டும் என்று பல்லைக் கடித்தபடி சொல்லிவிட்டு, சட்டையை அலசக் குழாயடிக்குப் போனார். அக்கா சோப்பை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடியது. பத்து நிமிஷத்தில் திரும்பிய மேனேஜர், ஐந்து மணி வரை லூக்கோடு எதிர் வராந்தாவில் என் கண்ணெதிரேயே உட்கார்ந்திருந்தார்.

மற்ற மூன்று பாட்டில்களையும் வாளிக்குள் வைத்து, துண்டைப் போர்த்தித் திறந்தேன். முதல் பாட்டிலின் அடியிலும் சோதனைக்குப் போதுமான அளவு மிச்சம் இருந்தது.

அளவுக் குழாயில் சரியாக இருபத்தைந்து மில்லி ஊற்றினேன். கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினேன்.

ஒன்றாம் நம்பர், நிலவேம்புக் கஷாயத்தில் நாரத்தங்காய்த் தோலைக் கிள்ளிப் போட்டது போல இருந்தது. இரண்டாம் நம்பரில் முதலில் கருப்பட்டி, பிறகு கசப்பு, அதற்கும் பிறகு மழையில் நனைந்த மரப்பெட்டியைத் திறந்த வாசம். மூன்றாவது புளித்தது. மாவுப் புளிப்பு இல்லை, பழப் புளிப்பு. நான்காவது தொண்டையில் இறங்கும்போது ஒன்றும் செய்யவில்லை, வயிற்றுக்குப் போய் விளக்கேற்றியது.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் எங்கள் லேபில் ஒரே ஒரு ரீடிங்கை வைத்து ரிப்போர்ட் போடக் கூடாது. மூன்று எடுத்து, சராசரி பார்க்க வேண்டும்.

நாலு மூணு பன்னிரண்டு. காலையில் பயத்தில் சாப்பிடாத வயிறு.

பஞ்சு ரிப்போர்ட் பாரத்திலேயே எழுதினேன், வேறு பாரம் இல்லை. நிறம்: நம் கேன்டீனில் இரண்டாம் முறை கொதிக்க வைத்த டீ. தூசி: உண்டு. வலிமை என்ற கட்டத்தில் முதல் ரீடிங்குக்கு 'பரவாயில்லை' என்றும், இரண்டாவதற்கு 'நன்று' என்றும், மூன்றாவதற்கு 'மிக மிக நன்று' என்றும் இருந்தது. எட்டாவது ரீடிங்குக்கு மேல் என் எழுத்து கட்டத்தை விட்டு வெளியே போய் உலாவ ஆரம்பித்துவிட்டது.

ஐந்து மணிக்கு மேனேஜர் அதே ஈரச் சட்டையோடு என் மேசைக்கு வந்தார். மாற்றுச் சட்டை இல்லை. அலசியும் வாசம் போகவில்லை. லூக் கேட்கட்டும் என்று ரிப்போர்ட்டை உரக்கப் படித்தார். முன்கூட்டி ஒரு தடவை படித்துப் பார்த்திருக்கலாம், பார்க்கவில்லை. கஷாயம், கருப்பட்டி எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. லூக் ஒவ்வொரு வரிக்கும் அர்த்தம் கேட்டுத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார். கடைசியில் 'குறிப்பு' என்ற இடம் வந்தது.

'இந்தப் பானம் உண்மையானது. கசக்கும் என்றார்கள், கசக்கிறது. போன வாரம் மேனேஜர் சொன்னதற்காக நல்ல பஞ்சு என்று நாங்கள் எழுதிய லாட்டுக்கு இந்த உண்மை இல்லை.'

மேனேஜர் தாளை மடித்துப் பையில் வைத்தார். லூக்கிடம், மிச்சம் எல்லாம் கணக்கு விவரம் என்றார். என்னிடம், வீட்டுக்குப் போங்கள், காலையில் பேசுவோம் என்றார். நான் நடந்து வாசலுக்குப் போவதற்குள் இரண்டு தடவை சுவரிடம் மன்னிப்புக் கேட்டதைப் பார்த்து, பஸ் ஸ்டாண்டில் விடுகிறேன் என்று தன் காரில் ஏற்றிக்கொண்டார்.

கேட்டில் வாட்ச்மேன் காரை நிறுத்தினார். சேத்தூர்க்காரர், பட்டாளத்தில் இருந்து வந்தவர். மில்லுக்குள் சாராய வாடையோடு யார் இருந்தாலும், எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், கேட் புத்தகத்தில் பெயர் ஏற வேண்டும் என்று அவருக்கு எழுத்தில் உத்தரவு இருந்தது. உத்தரவு போட்டவர் மேனேஜர். அந்தப் புத்தகம் தினமும் காலையில் நேராக முதலாளி மேசைக்குப் போகும்.

வாட்ச்மேன் குனிந்து காருக்குள் மூக்கை நீட்டினார்.

"தம்பி, குடிச்சியளா?"

"பன்னிரண்டு ரீடிங்," என்றேன்.

எழுதிக்கொண்டார். பிறகு மேனேஜர் பக்கம் திரும்பி மோந்தார்.

"நான் குடிக்கலய்யா. மேல கொட்டிருச்சு."

"எல்லாரும் அப்படித்தான் சார் சொல்லுதாவ."

மேனேஜர் என்னைப் பார்த்தார். ஆறு மாதத்தில் அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை. "தம்பி, சொல்லுங்க அவருகிட்ட, நான் குடிக்கலன்னு."

ஒரு நல்ல வாய்ப்பு கையில் வந்து விழுந்திருக்கிறது என்று எனக்கே தெரிந்தது. நானும் நிதானமாகத்தான் யோசித்துச் சொன்னேன்.

"நான் பாத்த வரைக்கும் குடிக்கல."

வாட்ச்மேன் 'பார்த்த வரைக்கும்' என்பதையும் சேர்த்து எழுதி, அடியில் கோடு போட்டார்.

பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் என் பக்கத்து சீட் காலியாகவே வந்தது. இரவு அப்பாவிடம், உடம்பு சரியில்லை என்றேன். அது பொய்யில்லை.

காலையில் போனால் மேனேஜர் எனக்கு முன்னால் வந்து காத்திருந்தார். முதலாளி விளக்கம் கேட்டிருக்கிறார். எனக்குக் கவலையில்லை, டிரெய்னி ஆபீஸ் வேலையாகக் குடித்தார் என்று மேனேஜரே எழுதிவிட்டார். அவர் குடிக்கவில்லை என்பதற்குத்தான் சாட்சி வேண்டும், கேட் புத்தகத்தில் ஏறியிருக்கிற சாட்சி நான்தான். அங்கேதான் ஆபீஸ் சூப்பிரண்டு ஒரு சிக்கலைச் சொன்னார். டிரெய்னி கையெழுத்து செல்லாது. நிரந்தர ஊழியர் போட்டால்தான் செல்லும்.

என்னுடைய ஆர்டர் பதினைந்து நிமிஷத்தில் டைப் ஆயிற்று.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் மேனேஜர் பேனாவைப் பிடித்துக்கொண்டே, தாழ்ந்த குரலில் கேட்டார். "அந்தப் 'பார்த்த வரைக்கும்'ங்கறத மட்டும் எடுத்துருவமா?"

எடுக்க முடியாது என்றேன். குழாயடியில் இருந்த பத்து நிமிஷம் அவரை நான் பார்க்கவில்லையே.

அவர் பேனாவை மூடினார். என் ஆறு மாதமும் அந்த மூடியோடு சேர்ந்து மூடிக்கொண்டது போல இருந்தது.

கதவோரமாக நின்ற ஞானம்மாக்காதான் பேசியது. "அந்தப் பத்து நிமிசமும் சாருக்குச் சோப்பு எடுத்துக் குடுத்தது நான்தான. அதுக்கு நான் கையெழுத்துப் போடுதேன். தம்பி பாத்தத தம்பி போடட்டும்."

ஆக, மேனேஜரின் ஒழுக்கத்துக்கு இரண்டு பேர் நேரம் பிரித்துக் கையெழுத்துப் போட்டோம். அவர் எனக்கு ஒன்று போட்டார்.

அன்று சாயங்காலம் அப்பா ஆர்டரைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. எதுக்காக உன்னைப் பர்மனென்ட் ஆக்குனாங்க என்று கேட்டார். நான் உள்ளது உள்ளபடியே வாசித்துக் காட்டினேன்.

"நன்னடத்தையைக் கருதி."