பூ கம்பவுண்டரின் இரண்டு பொட்டலங்கள்

டாக்டர் கத்தியைத் தொடுவதற்கு முன்பே பாதி ஆபரேஷனை முடித்துவிடுகிற ஆள் உலகத்தில் ஒருவர்தான். காரிமங்கலத்தில் நான் வேன் ஓட்டும் ஆஸ்பத்திரியின் கம்பவுண்டர். பெயர் யாருக்கும் தெரியாது. பூ கம்பவுண்டர் என்றால் பஸ் கண்டக்டரே வாசலில் இறக்கிவிடுவார்.

எங்கள் பக்கம் பூ கேட்காமல் கிணறு வெட்டமாட்டோம். வயிற்றையும் வெட்டவிடமாட்டோம். வெள்ளைப்பூ ஒரு பொட்டலம், சிவப்புப்பூ ஒரு பொட்டலம். சாமி முன்னால் போட்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் உத்தரவு. இதற்காகக் கோயிலுக்குப் போகிறவர் மூன்று நாள் கழித்து, நோய் முற்றித் திரும்புவார். பார்த்தார் கம்பவுண்டர். மருந்து அலமாரியிலேயே முருகன் படம் வைத்துவிட்டார். வேதக்காரர் வந்தால் படத்தைத் திருப்புவார். பின்பக்கம் ஏசு.

சாமியே இல்லை என்றார் ஒரு வாத்தியார்.

"அப்ப உங்களுக்கு ஊசி மட்டுந்தாங்க சார். வலி கொஞ்சம் கூட இருக்கும்."

வாத்தியார் அலமாரிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

எனக்குக் குடலிறக்கம் வந்தது. பூ கேட்டேன். வெள்ளை. படுத்தேன், பிழைத்தேன். தையல் பிரித்த அன்று, அலமாரியில் கிடந்த மற்றப் பொட்டலத்தைப் பிரித்தேன். அதுவும் வெள்ளை.

"என்னங்க இது?"

"செவப்பு வந்திருந்தா கொடலு தானா உள்ள போயிருக்குமா டிரைவரே? வாய மூடிட்டு வண்டிய எடுங்க."

போன வருஷம் அவருக்கே பித்தப்பையில் கல். ஆபரேஷனை மூன்று முறை தள்ளினார். கண்ணெல்லாம் மஞ்சள் ஏறிவிட்டது.

"இனியும் தள்ளுனா ஆள் தங்கமாட்டீங்க," என்று டாக்டரம்மா கத்தினார். "ஊருக்கெல்லாம் தைரியம் சொல்றீங்க. உங்களுக்கு என்ன பயம்?"

"ஊருக்கு நான் பூக் கட்டறேங்கம்மா. எனக்கு யாரு கட்டறது?"

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் பூப்பறிக்கப் போனேன்.

"நாணயமாக் கட்டுங்க டிரைவரே!"

செவ்வரளிச் செடிப் பக்கமே நான் போகவில்லை.

கம்பவுண்டர் ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளை. மற்றதைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். பிரிக்காமல் என் சட்டைப்பையில் போட்டார்.

"இது உங்ககிட்டயே இருக்கட்டும்."

உள்ளே நடந்துபோனார்.

பொய் சொன்னது நான், முருகா, அவரை விட்டுடு என்று வாசலிலேயே நின்றேன். முருகன் விட்டுவிட்டார்.

காய்ந்த பொட்டலம் என் வேனில் இருக்கிறது. ஏறும்போதெல்லாம் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார் கம்பவுண்டர்.