முனியாண்டி மடித்து வைத்த இலை

ஒன்பதாங்கட்டைத் தோட்டம்,
லுக்குட் வழி, நெகிரி செம்பிலான்.
1952, பங்குனி 27, புதன்கிழமை.

'இல்வாழ்வு' வார இதழின் மேன்மை தங்கிய ஆசிரியர் அவர்களின் சமூகத்துக்கு, ரப்பர் தோட்டத்துப் பால்வெட்டுத் தொழிலாளி சன்னாசி கைகூப்பி எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் அச்சகத்து ஆட்களும் நோய் நொடி இல்லாமல் இருக்க எல்லாம் வல்ல முருகனை வேண்டுகிறேன். நான் இங்கே சுகம். என் மனைவி, பஞ்சாலை என்று பெயர், போலீஸ் லாக்கப்பில் இருக்கிறாள். அவள் அங்கே போனதற்குத் தங்கள் பத்திரிகைதான் காரணம் என்பதால், அவளை வெளியே கொண்டுவரத் தாங்களே ஒரு உதவி செய்ய வேண்டும் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் தங்கள் சந்தாதாரன் இல்லை. லுக்குட்டில் மளிகைக் கடை வைத்திருக்கும் குலாம் முகம்மது பாய் கருவாடு மடித்துக் கொடுக்கிற தாளில்தான் நான் உலக நடப்பைத் தெரிந்துகொள்வது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நாலாவது வரை படித்தவன், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், தாங்களே பார்த்துக்கொள்ளலாம். தை மாதக் கடைசியில் அப்படி வந்த ஒரு தாளில்தான் 'வசந்த கால இல்லறம்: வீட்டு மூலிகையும் சிக்கன வாழ்வும்' என்ற கட்டுரை இருந்தது. எழுதியவர் ஒரு திருமதி, பெயர் இருந்த இடத்தில் கருவாட்டு ஈரம் பட்டு எழுத்து கரைந்துவிட்டது. போன வருஷத்துச் சித்திரை இதழாக இருக்கலாம் என்று நினைக்கிறேன், தேதி இருந்த மூலை கிழிந்துபோயிருந்தது. பஞ்சாலைக்கு எழுதப் படிக்கத் தெரியாது, படித்துக் காட்டச் சொன்னாள், காட்டினேன். மறுநாளும் படிக்கச் சொன்னாள். இப்படி நாலு தடவை.

குயில் கூவும் வசந்தத்தில் சாளரங்களைத் திறந்து வையுங்கள் என்று அந்த அம்மாள் ஆரம்பிக்கிறார். ஐயா, இந்த நாட்டில் வசந்தம் என்று ஒன்று கிடையாது. மாசியில் ரப்பர் மரம் இலையைக் கொட்டும், பங்குனியில் செம்பு நிறத்தில் கொழுந்து விடும், பார்க்க அழகுதான், ஆனால் அந்த இரண்டு மாதமும் மரத்தில் பால் அரைகுறைதான், பால் குறைந்தால் எங்களுக்குச் சோறும் அரைகுறைதான். சாளரம் என்று, கூலியாட்கள் வரிசையாகக் குடியிருக்கும் எங்கள் லயத்து வீட்டில் இருப்பது ஒரு பலகை. அதைத் திறந்தால் முள்கம்பி வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் துப்பாக்கியோடு ஒரு காவல்காரன், அவன் எங்கள் அடுப்படியைப் பார்ப்பான், நாங்கள் அவனைப் பார்ப்போம். போன வருஷம் ஆடியில்தான், சர்க்காரை எதிர்த்துக் காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று, மூன்று டிவிஷன் ஆட்களையும் ஒரே வேலிக்குள் கொண்டுவந்து அடைத்தார்கள். இதெல்லாம் தெரியாமல் எழுதிவிட்டார் என்று நான் சொன்னபோது பஞ்சாலை, வசந்தம் இல்லாட்டிப் போவுது, செடி வளருமில்ல என்றாள்.

வளர்ந்தது. ரப்பர் பால் பிடிக்கும் உடைந்த மங்கு, மண்ணெண்ணெய் டின், என் பழைய தொப்பி என்று எதையும் விடவில்லை. ஓமவல்லி, தூதுவளை, துளசி, பொன்னாங்கண்ணி, செராய் என்கிற எலுமிச்சைப் புல், வாசல்படியில் கால் வைக்க இடமில்லை. மங்கு தோட்டத்துச் சொத்து என்று கணக்கு எழுதுகிற கிராணி வந்து சத்தம் போட்டார், இவள் அவருக்கு ஓமவல்லி பஜ்ஜி போட்டுக் கொடுத்தாள், சொத்துப் பேச்சு அதோடு நின்றது. கட்டுரையில் சொன்னபடி இலையைக் காயவைத்து, பொடி செய்து, துணியில் சிறு சிறு பொட்டலமாகக் கட்டினாள். எது எதற்கு என்று சீட்டு எழுதி ஒட்டச் சொல்லியிருக்கிறாரே தங்கள் அம்மாள், அந்தச் சீட்டுகளை நான்தான் எழுதினேன். காய்ச்சலுக்கு, வயிற்றுக்கடுப்புக்கு, வெட்டுக்காயத்துக்கு. பதினேழு பொட்டலம். நம் இரண்டு பேருக்கு எதற்கடி இத்தனை, யார் உடம்பில் இத்தனை காயம் என்று கேட்டேன், கட்டுரையில் அப்படித்தானே போட்டிருக்கு என்றாள். படித்துக் காட்டியவன் நான், அடுத்த சீட்டை எழுதினேன்.

சிக்கனம்தான் என்னை உருக்கிவிட்டது. அரை வயிறு உணவு, கால் வயிறு நீர், கால் வயிறு காலி என்று அந்த அம்மாள் எழுதிய வரியைப் பஞ்சாலை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். ரேஷன் அரிசியில் பாதியைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, எனக்கு மரவள்ளிக்கிழங்கும் கீரையும் போட்டாள். தேத்தண்ணிக்குப் பதில் துளசித் தண்ணி. பங்குனி பிறப்பதற்குள் என் கைலி இடுப்பில் நிற்க மறுத்துவிட்டது. எடுத்து வைத்த அரிசி எங்கே போகிறது என்று ஒருநாள் கேட்டபோதுதான் முனியாண்டி விஷயத்தைச் சொன்னாள்.

தாங்கள் கோலாலம்பூர்வாசி, அதனால் விளக்கமாக எழுதுகிறேன். எட்டாம் நம்பர் ரப்பர் நிரை முடிகிற காட்டோரத்தில் எங்கள் காவல் தெய்வம் முனியாண்டியின் கல் இருக்கிறது. வேலி போட்டபோது ஆட்களை எல்லாம் உள்ளே இழுத்தவர்கள் சாமியை வெளியே விட்டுவிட்டார்கள், கல்லைப் பெயர்க்க யாருக்கும் தைரியம் வரவில்லை. எந்தச் செடியிலும் முதல் பறிப்பு சாமிக்கு என்பது எங்கள் வழக்கம். அதனால் பஞ்சாலை வெள்ளிக்கிழமை தோறும் பால்வெட்டுக்குப் போகும்போது, ஒரு இலைச் சோறும் கீரைக்கறியும் இரண்டு பொட்டலமும் கொண்டுபோய் அந்தக் கல் முன்னால் படைத்துவிட்டு வந்திருக்கிறாள். வேலிக் கேட்டில் பெண்களைச் சோதனை போடுகிறவள் முத்தாயி, எங்கள் லயத்துக்காரிதான். ஒரு பருக்கை வெளியே போகக் கூடாது என்பது சட்டம். இவள் மடியில் கட்டியிருந்ததை முத்தாயி தொட்டுப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டாளாம், சாமி காரியம் லா, தொடாதே என்று இவள் சொல்ல, முத்தாயி கையை எடுத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு வழி விட்டிருக்கிறாள்.

மறுநாள் போய்ப் பார்த்தால் சோறு இல்லை. இருந்திருந்தால்தான் ஆச்சரியம், காட்டில் குரங்குக்கா பஞ்சம். ஆனால் இலை மடித்திருந்ததாம் ஐயா. மேல்பாதியைக் கீழே கொண்டுவந்து, தன் பக்கமாக, கல்யாண வீட்டில் வயிறு நிறைந்தவன் மடிப்பதுபோல மடித்து, காற்றில் பறக்காமல் மேலே ஒரு கூழாங்கல்லும் வைத்திருந்ததாம். இதை அவள் சொன்னபோது அவள் முகத்தில் அப்படி ஒரு பிரகாசம். இரண்டு வருஷமாக அந்த முகத்தில் சிரிப்பைப் பார்க்காதவன் நான். சாமி ஏத்துக்கிட்டாருங்க, நீங்க யார்கிட்டயும் சொல்லிக்காதீங்க என்றாள்.

சொல்லாமல் இருப்பேனா. மறுநாள் விடியற்காலை ஆட்கள் எல்லாம் கூடும் பெரட்டில் பேர் கூப்பிடும்போதே சொல்லிவிட்டேன். என் வீட்டுக் கீரைக்கு முனியாண்டியே இலையை மடிக்கிறார் என்றால் சும்மாவா. எங்களை வேலை வாங்கும் மண்டோர் மாயாண்டி தன் மகளுக்கு வரன் அமைய நம் படையலோடு சேர்த்து ஒரு இலை போட முடியுமா என்று கேட்டான். பிள்ளை வரம் கேட்டு ஒருத்தி வந்தாள். ஒரு வாரம் நான் துரை மாதிரி நடந்தேன். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். பேச்சு லயத்தைச் சுற்றி, கேட்டைத் தாண்டி, ஸ்டேஷன் வரைக்கும் போய்விட்டது. போன வெள்ளிக்கிழமை விடிவதற்கு முன்பே பட்டாளத்தார் போய்க் கல்லைச் சுற்றிப் புதரில் படுத்திருக்கிறார்கள். பஞ்சாலை இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்துக் கும்பிட்டு நிமிர்ந்தால் நாலு பக்கமும் துப்பாக்கி.

என்னையும் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். ஒரு வெள்ளைக்கார ஆபீசர், பக்கத்தில் நம்மவர் ஒருவர், பேச்சை மாற்றிச் சொல்கிறவர். மேஜை மேல் பொட்டலங்கள். தோட்டத்தில் ஆஸ்பத்திரி இருக்கும்போது வெட்டுக்காயத்துக்கு மருந்து எதற்கு, யாருக்கு என்று கேட்டார்கள். தங்கள் பத்திரிகைப்படி செய்தது என்றேன். எங்கே பத்திரிகை என்றார்கள். அதில்தான் அவள் கடைசி நெத்திலியை மடித்து வைத்திருந்தாள், பிறகு அடுப்பு மூட்டிவிட்டாள், சிக்கனம். சோற்றைத் தின்றது யார் என்றார்கள். முனியாண்டி என்றேன். நம்மவர் அதை இங்கிலீஷில் சொல்லக் கொஞ்ச நேரம் யோசித்தார். ஆபீசர் குரங்காக இருக்கும் என்று தானே சொன்னார், எனக்கு உயிர் வந்தது, ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அப்போது நம்மவர் தரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"கொரங்கு இலைய மடிக்குமா பெரியவரே?"

பிறகு ஆபீசர் இலை மடிப்பது என்றால் என்ன என்று விசாரிக்க, இவர் வெகுநேரம் விளக்கினார், கையை மடித்து மடித்துக் காட்டினார். ஆபீசர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். காட்டுக்குள் இருக்கும் சீனன் இப்படி மடிப்பானா என்று கேட்டார், இல்லை என்றார் நம்மவர். இந்தத் தோட்டத்திலிருந்து காணாமல் போன தமிழ்ப் பையன்கள் எத்தனை பேர் என்று கேட்டார். யாரும் இல்லை என்றேன். எனக்கும் முருகையா என்று ஒரு பையன் இருக்கிறான், வயது இருபத்திரண்டு, அவன் காணாமல் போகவில்லை, கெமாஸில் ரயில் வேலைக்குப் போயிருக்கிறான். இரண்டு வருஷமாகக் கடிதம் இல்லை, அது அவன் சோம்பேறித்தனம். அவனைப் போய் இந்த விஷயத்தில் இழுப்பது நியாயமா, தாங்களே சொல்லுங்கள்.

ஆகவே ஐயா, தங்களிடம் கேட்பது ஒன்றுதான். வரும் திங்கட்கிழமை மறு விசாரணை. அன்றைக்குள், மேற்படி கட்டுரை தங்கள் இதழில் வந்தது உண்மை, பொட்டலம் கட்டச் சொன்னதும் சிக்கனமாக அரிசி எடுத்து வைக்கச் சொன்னதும் நாங்கள்தான் என்று பத்திரிகை முத்திரை போட்டு ஒரு கடிதம், கூடவே அந்தப் பழைய இதழ் ஒன்று அனுப்பினால் போதும். இல்லாவிட்டால் அவளை எந்தக் காவல் முகாமுக்கு அனுப்புவார்களோ தெரியாது. ஐம்பது வயதுக்காரி, மூட்டு வலி, வெறும் சிமெண்டுத் தரையில் படுத்திருக்கிறாள். அவள் இல்லாத வீட்டில் நான் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறேன், எனக்கு அழுகையாக வருகிறது.

பிறக்கப்போகும் புது வருஷத்தில் தங்கள் பத்திரிகை மேலும் மேலும் தழைக்கட்டும். அந்தக் கட்டுரை எழுதிய அம்மாளுக்கும் என் நமஸ்காரத்தைச் சொல்லவும், அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்துள்ள,
சன்னாசி.

பின் குறிப்பு: சித்திரை 1, ஞாயிறு காலை. நேற்று வரைக்கும் கேட்டைப் பூட்டி யாரையும் தானாக வெளியே விடவில்லை, அதனால் கடிதத்தைத் தபாலில் சேர்க்க முடியவில்லை. நல்லதாகப் போயிற்று. தபாலைப் பிரித்துப் பார்க்கிறார்களாம். நாளைக்குக் கோலாலம்பூர் வரும் குலாம் முகம்மது பாய் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் தாங்கள் அடுப்பில் போட்டுவிட வேண்டும்.

மேலே கேட்ட முத்திரைக் கடிதம் வேண்டாம். பஞ்சாலையை நேற்று விட்டுவிட்டார்கள். வெள்ளிக்கிழமை அந்தக் கல் முன்னால் பட்டாளத்தாரே ஒரு இலையில் சோறு போட்டு வைத்துவிட்டுப் புதரில் படுத்திருந்திருக்கிறார்கள். அவள் பிடிபட்டது காட்டுக்குள் இருந்தவனுக்குத் தெரியவில்லை, வழக்கம்போல வந்திருக்கிறான், சுட்டுவிட்டார்கள். நேற்றுக் காலை ஸ்டேஷன் முற்றத்தில் அவனைத் தார்ப்பாயில் கிடத்தி, தோட்டத்து ஆட்களை எல்லாம் லாரியில் ஏற்றி வந்து வரிசையாக நடக்கவிட்டுப் பார்க்கச் சொன்னார்கள். பஞ்சாலையைத்தான் முதலில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அவள் நன்றாகக் குனிந்து பார்த்தாள்.

"தெரியாதுங்க. எங்க ஆளு இல்ல."

என்னைக் கேட்டார்கள். நானும் தெரியாது என்றேன். பின்னால் வந்தவர்கள் மண்டோர் மாயாண்டி, முத்தாயி, ஒருவர் பாக்கியில்லாமல் தெரியாது என்றார்கள், அவனைத் தொட்டிலில் போட்டு ஆட்டியவர்கள் எல்லாம் தெரியாது என்றார்கள். நம்மவர் ஆபீசரிடம் ஏதோ சொன்னார். பிறகு என் பக்கத்தில் வந்து, அம்மாவை வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க என்றார்.

கெமாஸ் ரயில் வேலை பற்றி எழுதியதைத் தாங்கள் மறந்துவிடவும். அது அவள் என்னிடம் சொன்னது. ஏன் என்னிடம் மறைத்தாய் என்று இதுவரை நான் கேட்கவில்லை, கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. பெரட்டில் நின்று பெருமையடித்தவன் நான்தானே. என் பிள்ளையை நானே காட்டிக் கொடுத்தேன் ஐயா.

லயத்துச் சுவர் பலகைச் சுவர், மூச்சு விட்டால் அடுத்த வீட்டுக்குக் கேட்கும், அதனால் நாங்கள் இரண்டு பேரும் அழவில்லை. இன்றைக்கு வருஷப் பிறப்பு. இழவு விழுந்த வீட்டு வாசலில் கோலம் போடக் கூடாது என்பது தங்களுக்குத் தெரியும். போடாமல் விட்டால் காவல்காரன் ஏன் என்று கேட்பான் என்கிறாள். விடியும்போதே வாசலைக் கழுவிவிட்டு, அரிசி மாவுக்கு எங்கே போவது, சுண்ணாம்புத் தூளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இப்போது போட்டுக்கொண்டிருக்கிறாள். பெரிய கோலம், இன்னும் முடியவில்லை.