அழுத்தினால் ஆள் வரும்

"உங்கப்பா மறுபடியும் பெல் அடிக்கிறார் சார்."

முதியோர் இல்லத்துத் தலைமை நர்ஸ் போனில் இதைச் சொன்னபோது, லிஃப்ட் மெக்கானிக் இரண்டு மாடிகளுக்கு நடுவே, நின்றுபோன ஒரு லிஃப்டின் கூரைமேல் உட்கார்ந்திருந்தார். உள்ளே மாட்டிக்கொண்டிருந்தவர், "மேல யாருப்பா அது? ரிப்பேர் பாக்கறியா, போன் பேசறியா?" என்று கத்தினார்.

"எதுக்கு அடிக்கிறாராம்?" என்றார் மெக்கானிக்.

"தெரிஞ்சா உங்களைக் கேப்பேனா? அடிக்கிறார், ஓடறோம். போய் நின்னா, எங்களைத் தாண்டிக் கதவை எட்டிப் பாக்கறார். 'ஒண்ணுமில்லம்மா, நீங்க போங்க'ங்கறார். வந்து உக்காரக்கூட இல்ல, மறுபடி அடிக்கிறார்."

"குளிருதோ என்னவோ. இன்னொரு போர்வை குடுத்துப் பாருங்க. ஞாயித்துக்கிழமை நேர்ல வரேன்."

"எந்த மாசத்து ஞாயித்துக்கிழமை?"

லிஃப்டுக்குள்ளிருந்து கூரையில் ஓர் இடி விழுந்தது. மெக்கானிக் போனை வைத்துவிட்டார்.

அது நல்ல இல்லம்தான். ஒவ்வொரு கட்டிலுக்குப் பக்கத்திலும் வட்டமாக ஒரு சிவப்புப் பட்டன். அழுத்தினால் மணி அடிக்கும், கதவுக்கு மேலே விளக்கு எரியும். யாராவது நேரில் போய்க் கவனித்து அணைக்கிறவரை அணையாது. சோதனைக்கு வருகிற அதிகாரிகள் முதலில் அண்ணாந்து பார்ப்பது அந்த விளக்கைத்தான்.

மெக்கானிக்கும் அதைத்தான் பார்த்தார். அப்பாவைச் சேர்க்க வந்த அன்று அவர் சமையலறையைப் பார்க்கவில்லை, குளியலறையைப் பார்க்கவில்லை. பட்டனைக் கழற்றிப் பார்த்து, "வயரிங் பிரமாதம்" என்று சொல்லிச் சேர்த்துவிட்டார்.

"இது உன் லிஃப்ட்ல இருக்கற பட்டன் மாதிரியே இருக்கேடா" என்றார் அப்பா.

"அதேதாம்ப்பா. எது வேணும்னாலும் அழுத்துங்க, ஆள் வரும்."

எங்கேயோ ஒரு லிஃப்ட் நின்றுபோயிருந்தது. சொல்லும்போதே அவருடைய ஒரு கால் அறைக்கு வெளியே இருந்தது. அப்புறம் அந்தக் கால் இன்னும் உள்ளே வரவில்லை.

மறுநாள் நர்ஸ் மறுபடி கூப்பிட்டாள்.

"போர்வையைப் பக்கத்துக் கட்டில் கண்டக்டருக்குக் குடுத்துட்டார். பெல் அடிக்கிறது ரெண்டு மடங்காயிடுச்சு."

பக்கத்துக் கட்டில்காரர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போதும் யாராவது அறையைவிட்டுப் போனால் "ரைட்!" என்பார்.

"பொழுது போகலையா இருக்கும். ஒரு ரேடியோ அனுப்பறேன்" என்றார் மெக்கானிக்.

ரேடியோ போய்ச் சேர்ந்தது. இரண்டு நாளில் போனும் வந்தது.

"ரேடியோவும் கண்டக்டர்கிட்டத்தான் இருக்கு. அவர் பாட்டு வைக்கறார், உங்கப்பா பெல் அடிக்கிறார். கச்சேரிதான் போங்க! அது கிடக்கட்டும், இன்னிக்கு என்ன ஆச்சு தெரியுமா? கடைசி ரூம்ல ஒரு டீச்சரம்மா இருக்காங்க. பாத்ரூம் போகணும்னு பெல் அடிச்சிருக்காங்க. ஆயா அப்ப உங்கப்பா ரூம்ல. அங்க ஓடறதுக்குள்ள கட்டில் நனைஞ்சுபோச்சு. எத்தனை பிள்ளைங்களை மிரட்டி வளர்த்தவங்க! சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டு அழுதாங்க சார். இனிமே தாங்காது. பெல்லை நிறுத்துங்க, இல்லேன்னா வேற இல்லம் பாத்துக்குங்க."

மெக்கானிக்குக்குப் பகீரென்றது. இந்த இல்லம் கிடைப்பதற்கே எத்தனையோ பேரைப் பிடிக்க வேண்டியிருந்தது. வீட்டில் அவரும் மனைவியும் வேலைக்குப் போனால், அப்பா தனியாக விழுந்து கிடப்பார், ஏற்கெனவே கிடந்திருக்கிறார்.

"என்ன பண்றதுன்னே புரியல" என்றார் மனைவியிடம்.

"லிஃப்ட் நின்னா நேர்ல போறீங்க. மாமாவை மட்டும் போன்லயே ரிப்பேர் பண்ணப் பாக்கறீங்க" என்றாள் அவள், சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டே.

அவருக்குச் சுருக்கென்றது. ஆனால் அன்றைக்கும் எங்கோ ஒரு லிஃப்ட் நின்றிருந்தது. வேலை நடந்த கட்டடத்தின் மாடிப்படியில் உட்கார்ந்து ஆயாவைப் போனில் பிடித்தார். அப்பாவின் மணியில் சத்தத்தை மட்டும் நிறுத்திவிட்டு, விளக்கை எரியவிடுவது அவர் திட்டம்.

"ஸ்டூல் போட்டு ஏறுங்கம்மா. கதவுக்கு மேல வெள்ளைப் பெட்டி இருக்கா? மூடியைத் தெறங்க. சாம்பல் வயர் தெரியுதா?"

"ரெண்டு தெரியுது சார்."

"இடது பக்கம் இருக்கறது."

"என் இடதா, உங்க இடதா?"

"நான் அங்க இல்லையேம்மா!"

"அதான் சார் பிரச்சினை."

"சரி, ஏதாவது ஒண்ணை மெதுவா இழுங்க."

ஆயா இழுத்தாள். மாடியிலிருந்த அத்தனை மணிகளும் ஒரே நேரத்தில் அலறின. அத்தனை விளக்குகளும் எரிந்தன. கைத்தடி, சக்கர நாற்காலி, ஒற்றைச் செருப்பு என்று முதியவர்கள் எல்லாரும் நடைக்கு வந்துவிட்டார்கள். "வழியை விடுங்க! இறங்கறவங்க முதல்ல இறங்குங்க!" என்று கண்டக்டர் வரிசைப்படுத்தியது போனிலேயே கேட்டது.

பிறகு நர்ஸின் குரல் கேட்டது.

"இப்பவே கிளம்பி வந்து இதை நிறுத்தறீங்க. இல்லேன்னா உங்கப்பாவை ஸ்டூலோட உங்க வீட்டு வாசல்ல இறக்கிடுவேன்!"

மெக்கானிக் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

அவர் அறைக்குள் நுழைந்தபோது, அப்பா தலையைப் படிய வாரி, சட்டைக்குக் கழுத்துவரை பொத்தான் போட்டு, கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கண்டக்டர் மெக்கானிக்கை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தன் மேஜையிலிருந்த பிஸ்கட் பாக்கெட்டை அப்பாவின் பக்கம் தள்ளினார். அப்பா பொக்கைவாய் தெரியச் சிரித்து அதை எடுத்துக்கொண்டார்.

"வாடா. சாப்டியா?"

"ஆச்சுப்பா."

சட்டைக் காலருக்குள் அப்பாவின் கழுத்து இளைத்து ஆடியது. எப்போது இப்படி ஆனார் என்று யோசித்த மெக்கானிக், அது தனக்குத் தெரிய வழியில்லை என்று உணர்ந்து, ஸ்டூலில் ஏறினார். வயரை மாட்டியதும் மணிகள் அடங்கின.

"அப்பா, பட்டனை ஒரு தடவை அழுத்துங்க."

"இப்ப எதுக்குடா?"

"சரியாயிடுச்சான்னு பாக்கத்தான்."

"வேண்டாண்டா. இப்பத் தேவை இல்ல."

மெக்கானிக் தானே அழுத்தினார். மணி அடித்தது, விளக்கு எரிந்தது, ஆயா ஓடி வந்தாள். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது.

அப்பா பேசிக்கொண்டே இருந்தார். பேரப்பிள்ளையின் பரீட்சை, மருமகளின் முதுகுவலி, கண்டக்டரின் குறட்டை என்று ஒன்றையும் விடவில்லை. சாயங்கால மருந்தோடு வந்த நர்ஸ் கதவுக்கு மேலே பார்த்தாள், நம்பாமல் அப்பாவையும் பார்த்தாள்.

"நீங்க வந்ததிலேருந்து உங்கப்பா ஒரு பெல்கூட அடிக்கல! அப்படி என்னதான் சார் சரி பண்ணீங்க?"

"நான் ஒண்ணுமே பண்ணலையே. இந்தப் பட்டன்ல கோளாறே இல்லம்மா" என்றார் மெக்கானிக் குழப்பத்துடன்.

அவருடைய போன் அடித்தது. எங்கேயோ லிஃப்டில் யாரோ மாட்டிக்கொண்டிருந்தார்கள். பழக்க தோஷத்தில் கை கருவிப் பையைத் தேடியது. அப்பா பேச்சை நிறுத்திவிட்டு, ஒரு பிஸ்கட்டை எடுத்து அவரிடம் நீட்டினார். "வழியில சாப்பிடு. வேலைதானே முக்கியம்?"

மெக்கானிக் பிஸ்கட்டை வாங்கிக்கொண்டு, கதவுக்கும் கட்டிலுக்கும் நடுவே நின்றார்.

பக்கத்துக் கட்டிலில் கண்டக்டர் ரேடியோவை அணைத்தார்.

"கோளாறு எப்படி இருக்கும் தம்பி? காலம் பூரா மணி அடிச்சவன் நான், மணி அடிச்சா பஸ்ஸுதான் நிக்கும், பையன் வரமாட்டான்னு உங்கப்பாகிட்ட பிஸ்கட் பந்தயம் கட்டினேன். இன்னிக்கு உங்களால தோத்துட்டேன்."