முழங்கால் உயர மரம்

குளிர்ப்பள்ளத்தில் ஒரு மரத்தைக் காணோம். பனியைத் தட்டிப் பார்த்தால் ரம்பத்தால் அறுத்த அடிக்கட்டைதான் மிச்சம். வனக்காவலர் வெண்டலினுக்கு வயிறு எரிந்தது.

வேறு மரமென்றால் போய்த் தொலைகிறது என்று விட்டுவிடலாம். உச்சிமலைக் குளிரில் வளர வேண்டிய ஊசியிலை மரங்கள், ஆல்ப்ஸ் மலைநாடான எங்கள் தென் டிரோலில், திராட்சைத் தோட்டங்களுக்கும் கீழே, கோடையிலும் கல்லிடுக்கிலிருந்து பனிக்காற்று வீசும் இந்தப் பள்ளத்தில் வளர்கின்றன. நூறு வயதானாலும் முழங்காலைத் தாண்டாது. போன மாதம் வந்த தாவரவியல் பேராசிரியர், "ஒரு கொப்பு ஒடிஞ்சாலும் உங்களைத்தான் கேப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். நாளை மறுபடி வருகிறார். வேலை போனாலும் போகட்டும், மானம் போய்விடுமே.

யார் எடுத்திருப்பார்கள்? கிறிஸ்துமஸ் முடிந்து, ஊரே வீட்டுக்கு வீடு குடில் பார்க்கப் போகும் வாரம் இது. குடிலில் நட்டுவைக்க அந்தக் குட்டைக் கிழட்டு மரத்தைவிட வாகானது கிடைக்குமா?

"ஏசுபாலன் தலைமாட்டுலயே திருட்டு மரம். வெக்கங்கெட்ட ஜென்மங்க" என்று பொருமிக்கொண்டே கிளம்பினார்.

முதலில் நோட்பர்கா அம்மாள் வீடு. குடிலைப் பார்த்தால் புகழ வேண்டும். புகழ்ந்தால் பழச் சாராயம் தருவார்கள். குடிக்காவிட்டால் புகழ்ந்தது பொய் என்று அர்த்தம். வெண்டலின் புகழ்ந்தார், குடித்தார், குடிலின் தொழுவத்துக்குப் பின்னால் நின்ற மரத்தைப் பிடுங்கினார். கூடவே ஒரு ஆடும் இரண்டு மேய்ப்பர்களும் கையோடு வந்தார்கள்.

"என்னய்யா பண்றே?"

"இது எந்த ஊரு மரம்?"

"ரோஸ்மேரி, சமையலுக்குப் போடற வாசனைச் செடி. என் அடுப்படித் தொட்டியில வளந்தது. மோந்து பாரு."

மோந்து பார்த்தார். ரோஸ்மேரிதான். மன்னிப்புக் கேட்டதற்கு இன்னொரு கிளாஸ் குடிக்க வேண்டியதாயிற்று.

அடுத்து பேக்கரிக்கார கோர்பினியன் வீடு. இந்தத் தடவை பிடுங்கக் கூடாது, மரியாதையாகக் கேட்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தார்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. உங்க குடில்ல இருக்கறது திருட்டு மரமா?"

"குடில் பாக்க வந்தியா, சோதனை போட வந்தியா? அது காகிதம்டா. என் பொண்ணு கத்தரிச்சு ஒட்டினது. நாளையிலேருந்து உனக்கு ரொட்டி கெடையாது, போ."

தேவாலயத்தில் மணியடிக்கும் கோயில்பிள்ளை செவெரின் வீட்டுக்கு அவர் போய்ச் சேர்வதற்குள் சேதி போய்ச் சேர்ந்திருந்தது. செவெரினின் மனைவி ஃபிலமேனா குடிலை மேசைவிரிப்பால் மூடியிருந்தாள்.

"மூடி வெச்சிருக்கீங்கன்னா என்ன அர்த்தம்?"

"நீங்க வர்றீங்கன்னு அர்த்தம்."

வெண்டலின் துணியை உருவினார். வெறும் பாசியும் கழுதையும்தான். மரமே இல்லை. தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஊரையே பகைச்சுக்கிட்டேன், அக்கா. நாளைக்கு அந்த மனுஷன் மூஞ்சியில எப்படி முழிப்பேன்? அந்த மரங்களைப் பத்திப் பேசறப்ப அவருக்குக் கண்ணே கலங்கிச்சு."

ஃபிலமேனாவுக்குப் பாவமாக இருந்தது. சாராயத்தை ஊற்றி, மேசையில் கறை படாமல் வட்டமான ஒரு சின்ன மரத்துண்டைப் போட்டு, அதன்மேல் கிளாஸை வைத்தாள். வெண்டலின் ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கீழே பார்த்தார். உள்ளங்கைக்குள் அடங்கும் வட்டு. அதில் மயிரிழை மயிரிழையாக எண்ண முடியாத அளவுக்கு வளையங்கள்.

"இது ஏது?"

"உங்க பேராசிரியர் குடுத்ததுதான். போன மாசம் எங்க ரம்பத்தை இரவல் வாங்கிட்டுப் போனாரே, அதுக்கு நன்றியாம். மரத்துக்கு என்ன வயசுன்னு அறுத்துப் பாத்தாத்தான் தெரியுமாமே?"