கதவில் ஒட்டிய எட்டு விதிகள்

"தும்மிட்டீங்களே மாப்ள," என்றாள் மாமியார் தேவகி. "ஆறாவது விதி. மூணு நாளைக்குப் புள்ள கிட்ட வரக்கூடாது."

கஜபதி கதவைப் பார்த்தான். ஆறாவது விதி அங்கேதான் இருந்தது. எழுதியவனும் அவனேதான்.

சுகப்பிரசவத்தில் தாயிடமிருந்து நல்ல கிருமிகள் குழந்தையின் வயிற்றுக்குப் போகும், சிசேரியன் குழந்தைக்கு அது குறைவு, எதிர்ப்புச் சக்தியும் நிதானமாகத்தான் வரும் என்று போனில் படித்திருந்தான். அவன் பிள்ளை சிசேரியன். பாதியிலேயே பயம் பிடித்துக்கொண்டதால் மீதியைப் படிக்கவில்லை. திருத்தணி தாலுகா ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன் வேறென்ன செய்வான்? எட்டு விதிகளை டைப் அடித்து, லேமினேஷன் போட்டு, மணவூரில் மாமியார் வீட்டுக் கதவில் ஒட்டினான்.

அன்றிலிருந்து நாலு ஞாயிற்றுக்கிழமை. ஒவ்வொரு வாரமும் ஏதோ ஒரு விதியில் மாட்டினான்.

இன்று முதல் வண்டியிலேயே வந்து, வந்த கையோடு குளித்தான். வெளியே வந்ததும் கன்றுக்குட்டி முழங்கையை நக்கியது. மறுபடி குளித்தான். மாற்றுத்துணி இல்லை. மாமனார் பெட்டியிலிருந்த லுங்கியைக் கட்டினான். அந்துருண்டை வாசனை மூக்கில் ஏறியது.

"அது அந்துருண்டைக்கு வந்த தும்மலு அத்த."

"விதியில அப்டி ஒண்ணும் போடலியே."

ஜன்னல் வழியாகப் புடவைத் தொட்டில் தெரிந்தது. தேவகி உள்ளே போய் அதை மெல்ல ஆட்டினாள். மனைவி சுஜாதா தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

முப்பத்தொரு நாள். ஆஸ்பத்திரியில் தூக்கவே பயந்தான். இப்போது ஏங்கினான். கடையில் பேப்பர் கட்டைத் தூக்கும்போதெல்லாம், இவ்வளவு கனம் இருப்பானோ என்று கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருப்பான். கஸ்டமர் இருமினால்தான் கீழே வைப்பான்.

பொறுக்க முடியாமல் விதிகளைப் பிய்க்கப் போனான். லேமினேஷன் வரவில்லை. கதவின் பெயிண்ட்தான் வந்தது.

"இன்னாங்க பண்றீங்க?" என்றாள் சுஜாதா.

"எனக்கு ஒரு விதியும் வேணாம் சுஜா. எம்புள்ளையத் தூக்கணும்."

அப்போது எதிர்வீட்டுக் கன்னியம்மாள் வாசலுக்கு வந்தாள். தோளில் ஒரு கைக்குழந்தை. குழந்தையின் தலையில் கஜபதி வாங்கிக் கொடுத்த நீலக் குல்லா.

தேவகியின் கை நின்றது. தொட்டில் மட்டும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. அதற்குள் ஒரு தலையணை இருந்தது.

"நர்சம்மாதான் சொன்னாங்க," என்றாள் சுஜாதா தரையைப் பார்த்தபடி. "தாய்ப்பால் குடு, மாரோட அணைச்சி வெச்சிக்கோ, நோய் நொடி இல்லாதவங்க கை கழுவிட்டுத் தூக்கட்டும், அப்பதான் நல்ல கிருமியும் சேரும்னு. நீங்க தெனம் போன்ல விதி விதின்னு கேட்டீங்களா, சொல்ல பயமா இருந்துச்சி. மொத வண்டிக்கே வருவீங்கன்னு தெரியாது."

கன்னியம்மாள் பிள்ளையை அவனிடம் நீட்டினாள்.

"ஆங், பசிக்கு அழுவுறான், புடிங்க. எங்க தெருவுல எல்லாரும் தூக்கியாச்சி, நீங்க ஒருத்தர்தான் பாக்கி."