கிடாரத்தாரும் தண்ணிச் சொதியும்

திருகோணமலையில் கலியாணம் கட்டியவர்கள் இரண்டே வகை. கிடாரத்தார் சமைத்துக் கட்டியவர்கள் ஒரு வகை. கிடாரத்தார் சமைக்க மாட்டேன் என்று சொன்ன பிறகும் துணிந்து கட்டியவர்கள் மற்ற வகை. இந்த இரண்டாம் வகைக்காரரும் பிள்ளைகுட்டிகளோடு நன்றாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் கலியாணச் சாப்பாட்டைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் ஏதோ வேலை இருப்பதுபோல எழுந்து குசினிக்குள் போய்விடுவார்கள்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். வாக்காளர் பட்டியலில் அதைப் பார்த்தவர்களும் மறந்துவிட்டார்கள். ஐந்நூறு பேருக்குச் சோறு வேகும் பெரிய கிடாரம் ஒன்று அவரிடம் உண்டு. அதை லொறியில் ஏற்ற விடமாட்டார். முச்சக்கர வண்டியின் பின்சீட்டில் கிடாரம் மகாராசா மாதிரி வரும். இவர் முன்னால் சாரதியின் சீட்டில் கால்வாசியைப் பிடித்துக்கொண்டு தொங்கி வருவார். சமையல்காரர் என்றால் வயிறு முன்னால் வரவேண்டும். இவருக்கு முன்னால் வருவது மூக்குத்தான். மற்றவர்கள் பேனா வைக்கும் சட்டைப்பையில் ஒரு சின்னக் கரண்டி வைத்திருப்பார்.

தன் சமையலில் குறை என்று ஒன்று இருக்கலாம் என்பதை அவர் ஏற்றுக்கொண்டதாகச் சரித்திரமே இல்லை. ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர் ஒருவர், "ரசத்தில உப்புக் காணாது" என்று சொல்லிவிட்டார். கிடாரத்தார் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"ஐயா, ரசத்தில பழுதில்லை. உங்கட நாக்கிலதான் பழுது. கெதியாக் கொண்டுபோய்க் காட்டுங்கோ."

மனிதர் பயந்துபோய் உண்மையாகவே வைத்தியரிடம் போனார் என்றும், அவருக்குச் சீனி வருத்தம் இருப்பது அங்கேதான் தெரிந்தது என்றும், அதனால்தான் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறார் என்றும் ஊரில் ஒரு கதை உண்டு. அதற்கு நான் பொறுப்பில்லை.

இப்படிப்பட்டவரின் வாசலுக்கு நான் போக நேர்ந்தது என் மகள் துளசியின் கலியாணத்துக்காக. காலையில் கோயிலில் தாலிகட்டு, மதியம் மண்டபத்தில் ரிசப்ஷன். சமையலுக்கு ஆள் பிடிக்க வேண்டும். முதலில் வந்தவர் டப்லெட் ஒன்றில் படம் காட்டினார். வத்தகப்பழத்தில் செதுக்கிய அன்னம், கரட்டில் செதுக்கிய ரோசா, பூசணிக்காயில் செதுக்கிய பிள்ளையார். "சாப்பிடுறதுக்கு என்ன?" என்று கேட்டதற்கு, "அதைப் பேந்து கதைப்பம்" என்றார். அடுத்தவர் வட்ஸ்அப்பில் நாற்பத்திரண்டு வகைப் பட்டியல் அனுப்பினார். அதில் சோறு என்ற சொல்லையே காணவில்லை.

என் மனைவி இரண்டு பேரையும் தள்ளிவிட்டாள்.

"இஞ்சருங்கோ, நாங்கள் கிடாரத்தாரையே பிடிப்பம்."

அவர் மட்டும் வேண்டாம் என்றேன். காரணம் சொல்கிறேன்.

மூன்று வருடங்களுக்கு முன்பு என் அண்ணரின் மகளுக்குக் கலியாணம். சமையல் கிடாரத்தார். நான் கடைசிப் பந்தியில் சாப்பிட்டுக்கொண்டே பக்கத்து இலைக்காரரிடம், "எல்லாம் நல்லம், சொதிதான் தண்ணி" என்று சொன்னேன். சொதி என்பது தேங்காய்ப்பாலில் வைப்பது, இயல்பிலேயே தண்ணீர் மாதிரித்தான் இருக்கும். அதையே தண்ணி என்று ஒருவன் சொல்கிறான் என்றால் அது எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசியுங்கள். சொன்னது குற்றமில்லை. சொன்ன நேரத்தில் வீடியோக்காரர் எனக்கு நேரே நின்றதுதான் குற்றம். அந்தப் புண்ணியவான் 'மணமக்கள் பல்லாண்டு வாழ்க' என்ற எழுத்து மறைந்ததும், இதயங்கள் பறக்க, நாதஸ்வரம் பின்னணியில் ஒலிக்க, என் முகத்தைப் போட்டு, "சொதிதான் தண்ணி" என்று சொல்ல வைத்துவிட்டார். அண்ணர் அதைச் சம்பந்தி வீட்டாரோடு உட்கார்ந்து பார்த்தார். கனடாவிலும் பாரிசிலும் லண்டனிலும் இருக்கிற சொந்தபந்தமெல்லாம் பார்த்தது.

அன்றிலிருந்து அண்ணர் எங்கள் வீட்டில் கை நனைப்பதில்லை. வருவார், கதிரையில் இருப்பார், செத்தவீடு திவசம் பற்றிக் கதைப்பார். ஒரு வாய்த் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் எழுந்து போவார். நான் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். ஆனால் சொதி தண்ணிதானே? உள்ளதைச் சொன்னதற்கு என்ன மன்னிப்பு? அண்ணருக்கும் எனக்கும் ஒரே ரத்தம், ஒரே பிடிவாதம். துளசிக்குச் சின்ன வயதில் சோறு தீத்தினவர் அவர். அழைப்பிதழ் கொடுக்கப் போனபோது, "வருவன். தாலி கட்டுறதைப் பாப்பன். மண்டபத்துக்கும் வருவன். சாப்பிட மட்டும் கேளாத" என்று சொல்லிவிட்டார். துளசி அன்று முழுவதும் அறையை விட்டு வெளியே வரவில்லை.

"நீங்கள் பழுதெண்டு சொன்ன ஆளையே நீங்கள் சமைக்கப் பிடிச்சால், அது மன்னிப்புக் கேட்ட மாதிரித்தானே?" என்றாள் மனைவி. வாயால் கேட்க ஏலாதவன் வயிற்றால் கேட்கட்டும் என்பது அவள் கணக்கு. எனக்கும் அது சரியாகப் பட்டது.

கிடாரத்தாரின் வீடு உட்துறைமுகத்தைப் பார்த்த ஒழுங்கை ஒன்றில் இருக்கிறது. நாங்கள் போன நேரம் முற்றத்தில் மூன்று மான்கள் நின்றன. எங்கள் ஊரில் மான்கள் மாடு மாதிரித் தெருவில் திரியும். கிடாரத்தார் அவற்றுக்கு முன்னால் ஒரு முட்டைக்கோவாவைப் போட்டுவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றார். மான் முகர்ந்து பார்த்தது, திரும்பிக்கொண்டது. உடனே கோவா மூட்டையைத் தூக்கி முச்சக்கர வண்டியில் போட்டார்.

"திருப்பிக் குடுத்திட்டு வா," என்றார் சாரதியிடம். "மானே தின்னாத கோவாவை மாப்பிள்ளை வீட்டாருக்குக் குடுக்கலாமே?"

பிறகுதான் எங்களைப் பார்த்தார். என் முகத்தில் பார்வை நின்றது.

"நீங்கள்தானே வீடியோவில சொதியைப் பற்றிக் கதைச்சவர்?"

"ஓம்," என்றேன்.

"நல்ல தெளிவான குரல். கனடாவில இருந்துகூடக் கோல் எடுத்துச் சொன்னவை."

மனைவி என் கையைக் கிள்ளினாள். நான் பேச்சை மாற்ற, "உங்கட சாப்பாட்டை ஒருக்கா ருசி பாக்கலாமே?" என்று கேட்டேன்.

"என்ட சாப்பாட்டை எனக்குத் தெரியும். உங்கட வாயைத்தான் எனக்குத் தெரியாது. நான்தான் உங்கட வீட்டை வந்து சாப்பிட்டுப் பாக்க வேணும். பேந்துதான் ஓடர்."

அதுதான் அவருடைய சட்டமாம். பெண் வீட்டில் ஒரு நேரம், மாப்பிள்ளை வீட்டில் ஒரு நேரம் சாப்பிட்டுப் பார்த்த பிறகே சம்மதம் சொல்வார். நாங்கள் ஆள் தேடப் போனோம், ஆள் எங்களைத் தேர்ந்தெடுக்கக் கிளம்பிவிட்டார்.

அவர் வருகிற நாளில் மனைவி தன் சமையலை நம்பவில்லை. கடைசியில் ஒரு கடையில் சாப்பாடு வாங்கி, எங்கள் வீட்டுச் சட்டிகளில் மாற்றி, கறிவேப்பிலை தூவி வைத்தாள். கிடாரத்தார் உட்கார்ந்தார். பையிலிருந்த கரண்டியை எடுத்துப் பருப்பைத் தொட்டு நாக்கில் வைத்தார்.

"இது என்ட மச்சான்ட கடைப் பருப்பு. உங்கட வீட்டில நேற்று என்ன மிஞ்சினது?"

மனைவி அழாக்குறையாக முதல்நாள் மீன்குழம்பை எடுத்து வந்து வைத்தாள். ஓர்ஸ் ஹில்லில் இருக்கிற எங்கள் வீட்டுக் கதிரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, அந்தக் குழம்போடு மூன்று முறை சோறு போட்டுச் சாப்பிட்டார். சட்டியையும் வழித்தார். "இதுதான் வீடு," என்றார். மனைவியின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் எங்கள் கலியாணத்தன்றுகூடப் பார்க்கவில்லை.

மாப்பிள்ளை வீடு கட்டைபறிச்சானில். அங்கேயும் போய்ச் சாப்பிட்டு வந்து தீர்ப்புச் சொன்னார். "நல்ல சனம். ஆனால் கண்ணில தண்ணி வந்தாத்தான் சாப்பிட்டதெண்டு நினைக்கிற ஆக்கள். அவையின்ட பக்கத்துக்குத் தனியா ஒரு பச்சைமிளகாய்ச் சம்பல் போடவேணும்."

துளசி மெல்ல, "அங்கிள், இப்ப எல்லாரும் பஃபேதானே?" என்றாள்.

"பிள்ளை, முகாமில கோப்பையும் கையுமா வரிசையில நிண்டு சாப்பாடு வாங்கின காலம் ஒண்டு எங்களுக்கு இருந்தது. அதைக் கலியாண வீட்டில நான் திருப்பிச் செய்ய மாட்டன். ஆக்கள் இருக்கட்டும், நாங்கள் கொண்டுபோய்ப் போடுவம்."

அப்போது மட்டும் அவர் குரலில் கேலி இல்லை. துளசி தலையாட்டினாள். இலை, பந்தி என்று முடிவாயிற்று.

"எத்தினை பேர் வருவினம்?"

"முந்நூறு."

"எத்தினை பேர் சாப்பிடுவினம்?"

நான் தயங்கினேன். "இருநூற்றித் தொண்ணூற்றொன்பது. அண்ணர் சாப்பிட மாட்டார்."

கிடாரத்தார் கரண்டியைத் துடைத்துப் பையில் செருகிக்கொண்டு எழுந்தார்.

"அப்ப எனக்கு ஏலாது. என்ட பந்தியில ஒராள் பட்டினியா எழும்பினாலும் எனக்கு நித்திரை வராது. வேற ஆளைப் பாருங்கோ."

"அது எங்கட குடும்பப் பிரச்சினை," என்றேன் கொஞ்சம் சூடாக.

"சொதியால வந்த பிரச்சினை எப்பிடி உங்கட குடும்பப் பிரச்சினையாகும்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

மூன்று நாள் நாங்கள் வேறு ஆள் தேடி அலைந்தோம். பூசணிக்காய்ப் பிள்ளையாருக்கே திரும்பிப் போகலாமா என்றுகூட யோசித்தோம். நான்காம் நாள் தொலைபேசி அடித்தது.

"ஓடர் எடுக்கிறன். இலை முந்நூறு. ஒண்டும் குறைக்காதேங்கோ." அவ்வளவுதான். வைத்துவிட்டார்.

கலியாண நாள் வந்தது. தாலிகட்டு நல்லபடியாக முடிந்தது. மண்டபத்தில் எல்லோரும் பந்திக்கு எழுந்தார்கள். கந்தளாயிலிருந்து வந்த என்னோடு கந்தோரில் வேலை செய்பவர்கள், கிண்ணியாவிலிருந்து வந்தவர்கள், மாப்பிள்ளை பக்கத்துச் சனம் எல்லோரும் இலைகளுக்கு முன்னால் இருந்தார்கள். சம்பல் பட்ட கட்டைபறிச்சான் வரிசையில் மூக்கு உறிஞ்சும் சத்தம் மகிழ்ச்சியாகக் கேட்டது. அண்ணர் மட்டும் முதல் வரிசைக் கதிரையில் இருந்தபடி, புறப்படுவதற்குக் கீழே வைத்த குடையை எடுத்தார். மணக்கோலத்தில் நின்ற துளசி அதைப் பார்த்துவிட்டாள். அவளுடைய கண் நிறைவதை நான் பார்த்தேன். என் பிடிவாதத்தை நினைத்து எனக்கே என்மேல் வெறுப்பு வந்தது.

அந்த நேரம் கிடாரத்தார் குசினியிலிருந்து வந்தார். கையில் சொதி வாளி. நேரே அண்ணருக்கு முன்னால் வந்து நின்றார்.

"ஐயா, அண்டைக்கு உங்கட மகளின்ட கலியாணத்தில சொதியில தண்ணி விட்டது நான்தான்."

பக்கத்துப் பந்தியில் மென்றுகொண்டிருந்த வாய்கள் நின்றன. கிடாரத்தார் குறையை ஒப்புக்கொள்கிறாரா? வங்கி முகாமையாளர் கையில் சோற்றோடு அப்படியே திரும்பிப் பார்த்தார்.

"சம்பந்தி வீட்டு ஆக்கள் சொல்லாமல் ரெண்டு பஸ்ஸில கூடுதலா வந்திட்டினம். உங்களுக்குத் தெரிஞ்சால் பதறுவியள் எண்டு சொல்லேல்லை. நாலு பந்தியை ஒரு மாதிரிச் சமாளிச்சனான். அஞ்சாம் பந்திக்குச் சொதி காணாது. தண்ணியை விட்டன். உங்கட தம்பி சொன்னதில பொய் இல்லை. கோவிக்கிறதெண்டால் என்னோட கோவியுங்கோ."

அண்ணர் குடையைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார்.

"நீ ஏன் அஞ்சாம் பந்தி வரைக்கும் சாப்பிடாமல் நிண்டனி?"

கிடாரத்தார்தான் சொன்னார்.

"முதல் நாலு பந்திக்கும் வாளி தூக்கினது ஆர் ஐயா? உங்கட தம்பிதான். அந்த வீடியோக்காரர் அதை எடுக்கேல்லை."

அண்ணர் குடையைக் கதிரையில் சாய்த்து வைத்துவிட்டு நடந்துபோய், பந்தியில் வெறுமையாகக் கிடந்த அந்த முந்நூறாவது இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். தண்ணீரை எடுத்துக் கை நனைத்தார். சோறு வந்தது, கறிகள் வந்தன. கிடாரத்தார் தன் கையாலேயே சொதி விட்டார். அண்ணர் குழைத்து ஒரு வாய் வைத்தார். மண்டபமே அவர் வாயைப் பார்த்தது.

"உப்புக் கொஞ்சம் குறைவு," என்றார் அண்ணர்.

கிடாரத்தாரின் மூக்கு நிமிர்ந்தது. வாய் திறந்தது. நாக்கில் பழுது வரப்போகிறது என்று எல்லோரும் காத்திருந்தோம். அவர் வாயை மூடிக்கொண்டார். ஒருமுறை விழுங்கினார்.

"ஓம் ஐயா. குறைவுதான்," என்றார்.

நானும் அந்தச் சொதியைச் சாப்பிட்டேன். உப்பு இம்மியளவும் பிசகாமல் இருந்தது. அது அவருக்கும் தெரியும். அண்ணருக்கும் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஏனென்றால் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினார். துளசி ஓடிவந்து அவருக்குப் பக்கத்தில் குந்தினாள். அவர் தன் இலையிலிருந்து ஒரு பிடி குழைத்து அவளுக்குத் தீத்திவிட்டார். நான் தூணுக்குப் பின்னால் போய் அழுதேன். வீடியோக்காரர் அங்கேயும் வந்துவிட்டார்.

இப்போது அண்ணரின் இளைய மகனுக்குக் கலியாணப் பேச்சுக்கால் நடக்கிறது. சமையலுக்கு ஆள் யார் என்ற கேள்வியே எழவில்லை. போன வாரம் கிடாரத்தார் அண்ணர் வீட்டில் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, போகிற வழியில் எங்கள் வீட்டிலும் ஏறினார்.

"ஓடர் விசயமாத்தான் வந்தனான்," என்றார்.

எங்கள் வீட்டில் இப்போதைக்குக் கலியாணம் எதுவும் இல்லை. மனைவி உள்ளே போய், அவருக்கென்று எடுத்து வைத்திருந்த முதல்நாள் மீன்குழம்பைக் கொண்டுவந்து வைத்தாள்.